பழைய சொகுசு காருக்கு விரிப்பும் டயரும்: ஏற்காட்டுப் பாதையில் நாங்கள் பட்டது

கன்னங்குறிச்சியிலிருந்து

ஐப்பசி மாதம், விடாத தூறல். ஏற்காட்டில் சித்தி வீட்டில் தங்கியிருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு மலையிறங்கிக்கொண்டிருந்தேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகளில், கீழிருந்து எண்ணினால் எட்டாவது நெருங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின் சத்தம் அடங்கவில்லை. கார் தானாக வளைவை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, மலைச்சுவரை ஒட்டி நிறுத்தினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பின்சீட்டிலிருந்து என் தோளைப் பற்றிய கையை மட்டும் வெகுநேரம் எடுக்கவில்லை.

குனிந்து பார்த்தேன். காரை விற்றவர் அன்பளிப்பாகப் போட்டுக் கொடுத்த தடித்த '7டி' விரிப்பு (பல அடுக்குகளாகத் தைத்த, தோல் போன்ற தரைவிரிப்பு) முன்னால் நகர்ந்து, பெடலின் அடிப்பகுதியில் ஏறியிருந்தது. மிதித்த பெடல் எழும்ப முடியாதபடி அதன் மடிந்த விளிம்பு மேலே படிந்திருந்தது.

என் கார் 2014-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 520டி. 2024 சித்திரையில் பழைய காராக வாங்கினேன். இதில் ஆக்சிலரேட்டர் மேலிருந்து தொங்குவதில்லை. ஆர்மோனியத்தின் மிதிகட்டையைப் போலத் தரையிலேயே கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. தொங்கும் பெடலுக்கும் விரிப்புக்கும் நடுவே ஓரளவு இடைவெளி இருக்கும். தரைப் பெடலுக்கு அது கிடையாது. விரிப்பு ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் பெடலைத் தொட்டுவிடும். அதனால்தான் ஓட்டுநர் பக்கத் தரையில் விரிப்பைப் பிடித்துக்கொள்ளும் வட்டப் பிடிகளை வைத்தே காரை அனுப்புகிறார்கள். என் காரில் அந்தப் பிடிகளின் மீதே தோல் போன்ற விரிப்பைப் பரப்பி, பார்க்க அழகாக மூடியிருந்தார்கள். ஆறு மாதம் அதை நானும் ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

விரிப்பை யாரும் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் இ.எஸ். 350 காரில், வேறு மாடலுக்குரிய ரப்பர் விரிப்பு பெடலைப் பிடித்துக்கொண்டதால் நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. வண்டி ஓட்டத் தெரியாதவர் அல்ல. அதற்கு அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம் விரிப்புப் பிரச்சினைக்காகச் சுமார் 38 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது.

இப்போது என் காரில் இருப்பது அந்த மாடலுக்கென்றே அச்சில் வார்த்த டி.பி.இ. (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) விரிப்பு. பிடிகளில் 'டக்' என்று உட்காருகிறது. விளிம்பு உயர்ந்திருப்பதால் தண்ணீர் உள்ளேயே தேங்குகிறது. எடுத்துக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. சேலத்து வெயிலில் நாள் முழுவதும் நின்ற காரின் கதவைத் திறந்தாலும் மலிவான பி.வி.சி. விரிப்பின் நெடி இதில் வருவதில்லை. கடையில் போட்டுப் பார்க்கும்போது ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: எஞ்சினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். பிறகு குதிகாலால் விரிப்பை முன்னால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் வாங்க வேண்டாம். பழைய விரிப்பின் மேலேயே புதியதைப் போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் அந்தக் கடையை விட்டே வந்துவிடுங்கள்.

இனி டயர். அன்றைக்கு அந்த விரிப்பைச் சுருட்டி டிக்கியில் எறிந்துவிட்டு மெதுவாகத்தான் இறங்கினேன். அப்படியும் அடுத்த ஈரமான வளைவில் காரின் பின்பகுதி அரை அடி விலகியது. சறுக்கலைத் தடுக்கும் மஞ்சள் விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது.

மறுநாள் காலை சங்ககிரிக்குப் போனேன். மாமா முப்பது ஆண்டுகளாக லாரியோடு வாழ்பவர். நான் ரிம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்துவிட்டார். “மாப்பிள்ளை, இங்கே வந்து கையை வை” என்றார். பின் டயரின் உள்விளிம்பில் விரலை வைத்தேன். கம்பி குத்தியது. நின்றுகொண்டு பார்த்தால் அந்த டயரில் பாதிப் பட்டன் (சாலையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) மீதம் இருப்பதாகவே தெரியும். பின்சக்கரங்கள் மேல்புறம் சற்று உள்ளே சாய்ந்திருக்கும்படி அமைத்த கார் இது. அலைன்மெண்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, கவனிக்காவிட்டால் உள்விளிம்புதான் முதலில் கரையும். மாமா உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னும் ஓட்டினார். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போனது, எதிர்த் திசையில் ரம்பம் போலப் பிடித்தது. “இது ஓடித் தேயவில்லை, இழுபட்டுத் தேய்ந்திருக்கிறது” என்றார்.

பிறகு டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) எண்ணைத் தேடினோம். கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். பின் டயர்களில் 1916, அதாவது 2016-இன் 19-ஆவது வாரம். முன் டயர்கள் 2020-ஐச் சேர்ந்தவை. பின்னால் இருந்தவை காற்றில்லாமலும் ஓடக்கூடிய ரன்ஃபிளாட், முன்னால் இருந்தவை சாதாரண டயர். இரண்டையும் ஒரே காரில் கலந்திருந்தார்கள். விறைப்பான பக்கச்சுவரும் இளகிய பக்கச்சுவரும் ஒரே வளைவில் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா? எல்லாவற்றுக்கும் மேலே கருப்புப் பாலிஷ். வெடிப்புகளை அதுதான் மறைத்திருந்தது.

நான்கையும் மாற்றினேன். அளவு 225/55 ஆர்17 97டபிள்யூ. இதில் 97 எடைக் குறியீடு, டபிள்யூ வேகக் குறியீடு. ஒரு கடையில் அதே அளவில் இந்த இரண்டு குறியீடுகளும் குறைந்த டயரைக் காட்டி, “நம் ஊரில் யார் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகப்போகிறார்கள்?” என்று கேட்டார்கள். வேகத்தை விடுங்கள், 97 என்பது ஒரு டயர் 730 கிலோ தாங்கும் என்பதற்கான எண். கனமான கார், உள்ளே ஐந்து பேர், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன் டயர்களுக்கு வருகிறது. கார் தயாரித்தவர் சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்க எனக்கு மனம் வரவில்லை.

ரன்ஃபிளாட்டா, சாதாரணமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். அம்மாவின் முதுகுவலிக்காகச் சாதாரண டயரையே போட்டேன். ரன்ஃபிளாட்டின் விறைப்பு ஒவ்வொரு பள்ளத்தையும் இடுப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. காரில் ஸ்டெப்னி வைக்கத் தனி இடம் இல்லாததால் டிக்கியில் மெல்லிய ஸ்டெப்னி ஒன்றும், காற்றடிக்கும் சிறிய பம்பும் வைத்திருக்கிறேன். டயர் மாற்றியதும் நான்கு சக்கர அலைன்மெண்ட் செய்தேன். முன்சக்கரத்தை மட்டும் பார்க்கும் இடத்தில் இந்தக் காரை விட்டுப் பயனில்லை. காற்றழுத்த எச்சரிக்கையையும் திரையில் ரீசெட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய டயரின் சுற்றையே அளவாக வைத்துக்கொண்டிருக்கும்.

ஏற்காட்டிலிருந்து

கன்னங்குறிச்சித் தம்பி எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் என் காரின் விரிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீடு காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் காலில் செம்மண் அப்பிக்கொண்டேதான் காரில் ஏற வேண்டும். என்னுடையதும் பழைய பி.எம்.டபிள்யூதான், 320டி. 7டி விரிப்பு எனக்குச் செய்தது வேறு கெடுதல். அதன் தையல்களுக்குள்ளும் ஓரங்களிலும் தண்ணீர் இறங்கி, அடியில் இருந்த கம்பளம் நாள்கணக்கில் நனைந்தே கிடந்திருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம், மாலையில் பனிமூட்டத்தில் கிளம்பினால் முன் கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து வெள்ளையாகிவிடும் என்பதுதான். துடைத்தால் மறுபடியும் படியும். ஏசி கெட்டுவிட்டது என்று எண்ணி இரண்டு முறை சேலத்துக்குக் கொண்டுபோனேன். கடைசியில் விரிப்பைத் தூக்கியபோது பூஞ்சையின் நாற்றம் முகத்தில் அடித்தது. ஈரக் கம்பளத்தின் ஆவிதான் கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது. இதுபோன்ற கார்களில் வயரிங் பெரும்பாலும் கம்பளத்துக்கு அடியில்தான் ஓடுகிறது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! சீட்டைக் கழற்றி, கம்பளத்தை வெயிலில் நான்கு நாள் காயவைத்தோம். மலையில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது விரிப்பைத் தூக்கி அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள்.

டயர் விஷயத்தில் தம்பியோடு நான் உடன்படவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் சேலத்திலிருந்து நான் தனியாக ஏறி வருவேன். ஒரு முறை அடிவாரம் தாண்டிய சிறிது நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மழை, இருட்டு, கைபேசியில் சிக்னல் இல்லை. ரன்ஃபிளாட் இருந்ததால் நிறுத்தாமல், முப்பதைத் தாண்டாமல், வீடு வரை வந்து சேர்ந்தேன். காற்றே இல்லாமல் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பதுதான் இந்த டயர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான். அந்த டயரைப் பிறகு பஞ்சர் ஒட்ட முடியவில்லை, புதிதாகத்தான் வாங்கினேன். பணம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த இருட்டில் வளைவின் ஓரமாக நின்று ஸ்டெப்னி மாற்றும்படி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஓமலூரிலிருந்து

நான் மலைக்கு அதிகம் போவதில்லை. மாதம் நான்கு முறை பெங்களூருக்கு 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓடுகிறேன். மெர்சிடிஸ் இ கிளாஸ். காற்றை விடியற்காலையில், கார் ஓடுவதற்கு முன் பாருங்கள். பங்குனி வெயிலில் தொப்பூர் வரை ஓடிவிட்டு அங்கே அளந்து, கூடுதலாக இருக்கிறதென்று காற்றைக் குறைத்து, மறுநாள் குறைந்த காற்றோடு ஓடி டயரின் இரண்டு ஓரங்களையும் தின்னக் கொடுத்தவன் நான். இரண்டு டயர் மட்டும் மாற்ற வசதி இருக்கிறது என்றால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்பக்கம் சறுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் சறுக்கினால் கார் சுற்றிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து, மீண்டும்

ஏற்காட்டு அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அந்தப் பொண்ணு சொல்வதும் சரிதானே” என்றார். தனியாக இரவில் ஏறுபவர்களுக்கு நான் சொன்னது பொருந்தாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அக்கா சொன்னபடி இன்று காலை பின்சீட்டு விரிப்பையும் தூக்கிப் பார்த்தேன். அம்மா உட்காரும் பக்கம், கதவோரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருக்கிறது. கதவின் ரப்பர் பட்டை வழியாக இறங்குகிறதா என்று நாளை தண்ணீர் அடித்துப் பார்க்கப்போகிறேன்.