கலைச்சொல் விவாதம்: பூல் ஆட்டத்தில் ஸ்ட்ரோக் என்பதைக் "கோலோட்டம்" எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மேசைமீது வெள்ளைப் பந்தைக் கோலால் செலுத்தி, மற்றப் பந்துகளைப் பைகளில் விழச்செய்யும் பூல் ஆட்டத்துக்கான சொற்பட்டியலில் ஸ்ட்ரோக் என்பதற்கு "அடி" என்றும், பந்தைத் தொட்டபின்னும் கோல் முன்னே செல்வதைக் குறிக்கும் ஃபாலோ த்ரூ என்பதற்குப் "பின்தொடர்வு" என்றும் முன்மொழியப்பட்டுள்ளன. இவ்விரு சொற்களிலும் இலக்கணக் குறை ஏதும் இல்லை. ஆனால் ஆட்டத்தைப் புதிதாகக் கற்பவர் ஒருவர் இவற்றை அப்படியே நம்பிக் கையை அசைத்தால், பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் போராடித் திருத்துகின்ற இரண்டு பிழைகளும் அவரிடம் முதல் நாளிலேயே குடியேறிவிடும் என்பது என் கருத்து.

முதலில் "அடி". எந்தப் பந்தை எந்தப் பைக்குள் அனுப்புவது, அதன்பின் வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்து ஒருமுறை ஆடுவதே ஷாட். அதற்கு "அடி" முற்றிலும் பொருந்தும். ஸ்ட்ரோக் என்பது வேறு. கோல் பின்னால் இழுக்கப்பட்டு, ஒரு கணம் தரித்து, முன்னே வந்து, வெள்ளைப் பந்து இருந்த இடத்தையும் கடந்து சென்று நிற்கும் வரையிலான முழு இயக்கத்தின் பெயர் அது. கோலின் முனை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் எவராலும் எதையும் திருத்த முடியாது. நேராகச் சென்றதா, கோணியதா, வேகம் போதுமா என்பவை அனைத்தும் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. "அடி" என்ற சொல்லோ கவனம் முழுவதையும் அந்தத் தொடுகணத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கற்பவர் பிடியை இறுக்குகிறார், தோளை முன்னே தள்ளுகிறார், கடைசி நொடியில் கோலை வெடுக்கென்று குத்துகிறார். பிடி இறுகியவுடன் மணிக்கட்டு திரும்பி, முனை பந்தின் நடுவிலிருந்து பக்கவாட்டில் விலகுகிறது.

அந்த விலகல் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதையும் சொல்ல வேண்டும். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், முனையின் அகலம் பெரும்பாலும் 12 முதல் 13 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஆரத்தின் பாதியளவு, அதாவது 14 மில்லிமீட்டர் அளவுக்கு விலகினாலே முனை வழுக்கிவிடும் எல்லை வந்துவிடுகிறது. அதைவிட மிகச் சிறிய விலகலும் இரண்டு தீங்குகளைச் செய்யும்: ஒன்று, ஆட்டக்காரர் கேளாமலே பந்துக்குப் பக்கச்சுழற்சி கிடைக்கும்; மற்றொன்று, வலப்புறம் தொட்ட பந்து குறிவைத்த கோட்டுக்குச் சற்று இடப்புறமாகவும், இடப்புறம் தொட்டது வலப்புறமாகவும் கிளம்பும். குறி சரியாக இருந்தும் பந்து பையில் விழாததற்குக் கண்ணைக் குறைசொல்பவர்கள், பெரும்பாலும் கையைத்தான் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே ஸ்ட்ரோக் என்பதற்குக் "கோலோட்டம்" என்பதை முன்மொழிகிறேன். நீரோட்டம், தேரோட்டம் என்பவற்றில் உள்ள "ஓட்டம்" இடையறாத, ஒரே போக்கிலான செலவைக் குறிப்பதால், குத்துவது என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. "உந்து" என்ற வேரையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் பேருந்தும் மகிழுந்தும் நிலைபெற்ற பிறகு "கோலுந்து" என்றால் புதிய வாகனம் ஒன்று வந்துவிட்டதாகவே படிப்பவர் நினைப்பார். "வீச்சு" வளைவான பாதையை நினைவூட்டுகிறது. தவிரவும் கோல் எவ்வளவு தூரம் பின்னே செல்கிறது என்ற அளவைக் குறிக்க அச்சொல் நமக்குத் தேவைப்படும். மென்மையான ஆட்டத்துக்குச் சிறு வீச்சும், வலுவான ஆட்டத்துக்குப் பெருவீச்சும் வேண்டும் என்பது பயிற்சியின் அடிப்படைகளுள் ஒன்று. "நேரோட்டம்" என்றால் என்ன என்று தனிமடலில் கேட்ட நண்பருக்கு: அழகான சொல்தான், ஆனால் "உங்கள் நேரோட்டம் கோணலாக இருக்கிறது" என்று பயிற்சியாளர் சொல்ல நேரும்போது என்ன செய்வது?

அடுத்தது "பின்தொடர்வு", என் தயக்கம் மிகுதியாக உள்ள இடம். பந்தைத் தொட்ட பிறகு ஆட்டக்காரர் கூடுதலாகச் செய்ய வேண்டிய ஒரு செயல் இருப்பதாக இச்சொல் நினைக்க வைக்கிறது. உண்மையில் அப்படி ஒரு தனிச்செயல் இல்லை. கோல் பந்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ளது. எனவே பந்தைத் தொட்டபின் அதன் வேகம் குறையுமே தவிர, அது நின்றுவிடாது, முன்னே சென்றே தீரும். தொட்ட இடத்திலேயே கோலை நிறுத்துபவர் அதை வலிந்து நிறுத்துகிறார், அந்தத் தடுப்பு பந்தைத் தொடுவதற்கு முன்பே கையில் தொடங்கிவிடுகிறது. வேகம் தடுமாறுவதும் முனை விலகுவதும் அப்போதுதான். பந்து போன பிறகு கோல் எவ்வளவு நீண்டாலும் பந்துக்கு அது தெரியப் போவதில்லை. ஆனால் தடையின்றி நீண்டு நின்ற கோல், அதற்கு முந்தைய இயக்கம் சீராக இருந்தது என்பதற்குச் சான்றாகிறது. ஆகையால் அதே ஓட்டத்தின் எஞ்சிய பகுதி என்று பொருள்படும் "ஓட்டநீட்சி" என்பதே தகும். "முன்னீட்சி" என்றும் சொல்லலாம்தான். ஆனால் பந்தைத் தொடாமல் கோலை இரண்டு மூன்று முறை அசைத்துப் பார்க்கும் ஒத்திகைக்கு "முன்னோட்டம்" என்ற பழகிய சொல் கச்சிதமாக அமைந்திருப்பதால், ஒரே பட்டியலில் "முன்" என்பது ஓரிடத்தில் காலத்தையும் வேறோரிடத்தில் திசையையும் குறிக்கும்படி விட வேண்டாம்.

எஞ்சியவற்றில் சிக்கல் குறைவு: பின்னிழுப்பு, பின்னிழுப்பின் முடிவில் தரிப்பு, கோலின் முன்பகுதியைத் தாங்கும் கைப்பாலம்.

அன்புடன்.

மறுமொழி

அன்புள்ள ஐயா, வணக்கம். தங்கள் விளக்கம் ஏற்புடையதே. ஆயினும் "கோலோட்டம்" அச்சில் வந்தால் பத்தில் எட்டுப் பேர் அதைக் "கோலாட்டம்" என்று வாசிப்பார்கள், மெய்ப்புத் திருத்துபவர் "திருத்தியும்" விடுவார். இன்னொன்று: முழங்கையை அசைக்காமல் முன்கையை மட்டும் ஊசல்போல் ஆட்டுபவர்களின் கோல்முனை, கண்டிப்பாகப் பார்த்தால், சிறு வில்லாக வளைந்துதான் செல்கிறது. அவ்வாறிருக்க, "வீச்சு" வளைவை நினைவூட்டுகிறது என்று அதை விலக்கியது சரிதானா?

மறுமொழி

அன்புள்ள ஐயா, வணக்கம். முனை வளைந்து செல்வது உண்மையே. ஆனால் முனை வெள்ளைப் பந்தைத் தொடும் கணத்தில் முன்கை செங்குத்தாகத் தொங்கும்படி பிடியை அமைத்துக்கொண்டால், பிடித்த கை வரையும் வில்லின் மிகத் தாழ்ந்த, ஏறக்குறைய கிடையான பகுதியில் தொடுகை நிகழ்கிறது. பிடி சற்றுப் பின்னே போனாலோ முன்னே வந்தாலோ அந்தக் கிடைத்தன்மை கெடும். மேலும் அந்த வளைவு மேல்கீழானது. கற்பவருக்குக் கேடு செய்வது பக்கவாட்டு வளைவு, "வீச்சு" என்றதும் கை தேடிப்போவதும் அதைத்தான்.

கோலாட்டத்தைப் பற்றிய எச்சரிக்கை நியாயமானது. அதற்காகவே, சொல் முதன்முறை வரும் இடத்தில் "கோலோட்டம்" என்றும், பின்னர் "ஓட்டம்" என்றும் எழுதலாம். மட்டைப்பந்து பற்றிய கட்டுரையில் அல்லாமல் பூல் பற்றிய கட்டுரையில் வரும்போது குழப்பத்துக்கு இடமில்லை. "கோலடி" என்று எழுதினால் கால்பந்து ரசிகர்கள் வந்து கைதட்டுவார்கள், அந்த ஆபத்து இதைவிடப் பெரிது.

புதிய சொற்கள் பயிற்சிக் குறிப்பில் தடையின்றி அமர்கின்றனவா என்று பார்க்கக் கீழ்க்கண்டதை எழுதினேன். எங்கேனும் இடறினால் குழுவினர் சொல்ல வேண்டுகிறேன்.

"வெள்ளைப் பந்துக்குப் பதிலாகப் பட்டைப் பந்து ஒன்றை, அதன் பட்டை குறிக்கோட்டுக்கு நேராகச் செங்குத்தாக நிற்கும்படி வைக்கவும். எதிர்க்குஷனை (மேசையின் எதிர்ப்பக்க விளிம்புத் தடுப்பை) நோக்கி, முன்னோட்டத்தின் அதே வேகத்தில் பின்னிழுத்து, தரிப்பில் பிடியைத் தளர்வாக வைத்து, ஓட்டத்தை விடவும். ஓட்டநீட்சியின் முடிவில் கோலை அசைக்காமல் அப்படியே வைத்திருக்கவும். பட்டை தள்ளாடினால் ஓட்டம் நடுவிலிருந்து விலகியது என்று பொருள். தள்ளாடாமல் உருண்ட பந்து குஷனில் பட்டுத் திரும்பி வந்து கோலின் முனையைத் தொட்டால், ஓட்டம் நேராக இருந்தது. மென்மையான வேகத்தில் இது பலமுறை கைகூடிய பிறகே வீச்சைக் கூட்டவும்."