டாக்டர் வேலையிலிருந்து மாநில அரசியலுக்குப் போனவர்கள்?

கிளினிக்வாசி:
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பயிற்சியை முடிக்கப் போகிறேன். கட்சிக் கிளைக் கூட்டத்துக்குத் தலைகாட்டியதிலிருந்து மாநிலத் தேர்தலில் நில் என்று துளைக்கிறார்கள். இந்தப் பக்கம் போன டாக்டர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?

இப்ஸ்விச் மாமா:
தம்பி, முதல்ல லூ எட்வர்ட்ஸைப் படிங்க. எங்க இப்ஸ்விச் ஊர்க்காரர். முதலில் எலக்ட்ரீஷியன், அப்புறம்தான் மருத்துவம் படிச்சு இங்கேயே ஜி.பி. ஆனார். சுரங்கமும் ரயில் பட்டறையுமா இருந்த லேபர் கட்சிக் கோட்டை இது. 1972-ல் லிபரல் கட்சி சார்பில் நின்னு ஜெயிச்சார்னா, கட்சியைப் பார்த்து விழுந்த ஓட்டில்லை, டாக்டரைப் பார்த்து விழுந்த ஓட்டுங்கறது என் கருத்து. அப்புறம் சுகாதார அமைச்சர், 1978-ல் துணை முதல்வர், கஜானாவும் அவர் கையில்.

விழுந்த கதைதான் சுவாரஸ்யம். 1983-ல் அரசு செலவைச் சரிபார்க்கப் பொதுக் கணக்குக் குழு வேணும்னு சட்டமன்றத்தில் பேச்சு வந்தது. லிபரலோட கூட்டணி வெச்சிருந்த நேஷனல் கட்சி முதல்வர் ஜோ பியெல்கி-பீட்டர்சனுக்கு அது வேப்பங்காய். லிபரல் அமைச்சர் டெரி வைட் அரசை மீறி ஓட்டுப் போட்டார். பதவியை விடுன்னார் எட்வர்ட்ஸ். வைட் திரும்பி வந்து கட்சித் தலைமையையே பிடுங்கிட்டார். (வைட் ஒரு பார்மசிஸ்ட்! டாக்டரைக் கவிழ்த்தது மருந்துக்கடைக்காரர்.) வைட்டைத் துணை முதல்வரா ஜோ ஏத்துக்கலை. கூட்டணி உடைஞ்சு, அக்டோபர் தேர்தலில் லிபரலுக்கு மிஞ்சினது 8 இடம்.

எட்வர்ட்ஸ் அந்தத் தேர்தலில் நிக்கவே இல்லை. எக்ஸ்போ 88 உலகக் கண்காட்சிக்குத் தலைவரானார். பிரிஸ்பேன் சவுத் பேங்க் பூங்கா அது நடந்த இடம்தான். 1993 முதல் 2009 வரை குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக வேந்தர்.

ரிவரைனாக்காரி:
கட்சியே வேண்டாமென்றால் ஜோ மெக்கிர் இருக்கிறார். நியூ சவுத் வேல்ஸ், வாகா வாகா தொகுதி. 2011-ல் சுயேச்சையாக நின்று தோற்றார். அங்கே லிபரல் உறுப்பினராக இருந்த டேரில் மக்வாயர் ஊழல் விசாரணையில் சிக்கி விலகியதும் 2018-ல் இடைத்தேர்தல். 1957 முதல் லிபரல் வைத்திருந்த தொகுதியைத் தட்டிக்கொண்டு போனார். 2019, 2023-லும் அவர்தான்.

கிளினிக்வாசி:
நன்றி மாமா, நன்றி அக்கா. ஜெயித்தால் மருத்துவப் பதிவு என்னாகும்?

இப்ஸ்விச் மாமா:
தொழில் பார்த்துக்கிட்டே இருந்தா பதிவு நிலைக்கும். மருத்துவ வாரியக் கணக்குப்படி ஒரு பதிவு ஆண்டில் 152 மணி நேரம், இல்லேன்னா தொடர்ந்து 3 ஆண்டில் 456. சனிக்கிழமை காலை 4 மணி நேரம்னு வெச்சா 38 சனி. தொகுதியில் திறப்பு விழா, பள்ளி விழா எல்லாம் அன்னிக்குத்தான் வரும், அதையும் கிளைக்காரங்ககிட்ட இப்பவே பேசிடுங்க.