தாப்பா பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: மார்கழிக் காய்களை இங்கே எப்படிச் சமைப்பது?

தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பா, பீடோர் வட்டாரத் தோட்டப்புறங்களுக்குக் குடிவந்தவர்கள் டிசம்பர் பிறந்ததும் பச்சை மொச்சையைத் தேடத் தொடங்குவார்கள். நாட்டு மொச்சை பகற்பொழுது குறையும்போது பூக்கும் கொடியாகையால் ஊரில் அது மார்கழி, தையில் சந்தைக்கு வருகிறது. இவ்வூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 4 பாகையில் இருப்பதால், பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அந்தப் பருவத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இந்திய மளிகைக் கடையில் காய்ந்த மொச்சை வாங்கி, இரவு முழுவதும் ஊறவைத்து, வேகவைத்த நீரை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முட்டைக்கோஸ், முள்ளங்கி, தக்காளி ஆகியவை கேமரன் மலையிலிருந்து ஆண்டு முழுவதும் இறங்குகின்றன. மாறுவது மழைதான். நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் மலைத் தோட்டங்களில் இலைக்காய்கள் அழுகுவதும், மண்சரிவால் சாலை அடைபடுவதும் உண்டு. அவ்வாரங்களில் விலை ஏறும். அப்போது பிடிவாதமாகக் காலிபிளவர் வாங்குவதைவிட, பூசணி, சர்க்கரைவள்ளி, மரவள்ளி போன்ற சமவெளிக் காய்களின் பக்கம் திரும்புவதே கெட்டிக்காரத்தனம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கு நடந்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசிக்குப் பதிலாக மரவள்ளியைத் தின்று வளர்ந்த பெரியவர்கள் உங்கள் அண்டை வீட்டில் இருந்தால், அவர்களுக்கு அதை விருந்தாகப் பரிமாறுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

முள்ளங்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 'லோபாக் பூத்தே' என்று விற்கப்படுவது நீண்டு பருத்த சீன முள்ளங்கி. ஊர் முள்ளங்கியைவிடக் காரம் குறைவு, நீர் அதிகம். வழக்கமான அளவு நீர் வைத்துச் சாம்பார் செய்தால் குழம்பு நீர்த்துப்போகும். நீரைக் குறைத்து, துண்டுகளை நல்லெண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கிய பிறகே புளியில் சேருங்கள். இதைவிடச் சுவையான வழி ஒன்று உண்டு. துருவி, உப்பிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பிழிந்தெடுத்து, அரிசி மாவு, நறுக்கிய குச்சாய் (பூண்டு மணமுள்ள கீரை), பச்சைமிளகாய், பொடித்த நெத்திலிக் கருவாடு ஆகியவற்றோடு பிசைந்து கல்லில் தடிமனாகத் தட்டினால், அடையும் அல்லாத, சுச்சூரும் (எண்ணெயில் பொரிக்கும் மலாய் மாவுப் பலகாரம்) அல்லாத ஒரு பலகாரம் கிடைக்கும். மாவு பிசையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிழிந்த சாறே போதும்.

திருவாதிரைக் களிக்கு ஏழு காய் கூட்டு வைப்பவர்கள் காய்களை மாற்றத் தயங்க வேண்டியதில்லை. மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, முட்டைக்கோஸ், செங்குவாங் (நீர்ச்சத்து மிக்க ஒரு கிழங்கு), காச்சாங் பொத்தோல் (சிறகவரை) என்று ஏழும் இங்கேயே அமைந்துவிடும். மரவள்ளியைத் தோல் நீக்கித் தனியே முழுமையாக வேகவைத்து நீரைக் கொட்டிவிட வேண்டும். செங்குவாங் எளிதில் குழையாது; ஆனால் நெடுநேரம் வெந்தால் மென்மையாகிவிடும் என்பதால், நறுக்கென்று இருக்க வேண்டுமானால் பிற்பாடு போடுங்கள். காச்சாங் பொத்தோலை இறக்குவதற்குச் சற்று முன் சேருங்கள், இல்லையேல் நிறமும் மொறுமொறுப்பும் போய்விடும்.

மறுநாள் சுண்டக்குழம்பு வேண்டுமென்றால் அதற்குரிய பங்கைத் தேங்காய் சேர்க்கும் முன்பே தனியாக எடுத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். இவ்வூர்ப் புழுக்கத்தில் தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டு, வெளியே வைத்தால் பொழுது சாய்வதற்குள் புளித்துவிடும்.