வானியல் ஆய்வில் சேர வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். மகள் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. கோடை விடுமுறையில் வானியல் ஆய்வு எதிலாவது சேர்ந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

சொந்த ஊர் வாணியம்பாடி. காவலூர் வானாய்வகத்தில் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்த நாளிலிருந்தே இந்தப் பித்து. குளிர்காலம் முழுக்க மொட்டை மாடியில் நின்று, திருவாதிரையின் வெளிச்சத்தை ரோகிணியோடு ஒப்பிட்டு, பழைய மளிகைக் கணக்கு நோட்டில் குறித்து வைத்தாள். (எனக்குத் திருவாதிரை என்றால் களிதான் தெரியும்!)

பதினோரு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒருவர்தான் பதில் போட்டார், மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டு வா என்று. எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருக்கிறாள். தப்பு அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோரமங்களா இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலோ, சதாசிவநகர் ராமன் ஆய்வு நிறுவனத்திலோ உங்கள் பிள்ளைகள் யாராவது கோடையில் வேலை செய்திருக்கிறார்களா? கடிதத்தில் என்ன எழுதினார்கள்? அப்புறம், இந்தியாவின் வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. இவளுக்குப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழி ஓரளவு வரும். அந்தத் தரவுகளை வைத்து வீட்டிலிருந்தே சின்னதாக ஏதாவது செய்ய வழிகாட்ட ஆராய்ச்சி மாணவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சனி, ஞாயிறு நானே நேரில் அழைத்து வருகிறேன்.