பாஸ்போர்ட் நகலில் மடித்த பஜ்ஜி: வெளிநாட்டவர் கொடுத்த காகிதங்கள் எங்கே போகின்றன?

அஞ்சுரோட்டான்:
போன வாரம் ஒருவர் இங்கே எழுதியதைப் படித்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. "விசா நீட்டிப்புக்குக் கொடுக்கும் நகல்களை வேலை முடிந்ததும் அலுவலகத்திலேயே அழித்துவிடுவார்கள், வெளிநாட்டுக்காரர்கள் பயப்பட ஒன்றுமில்லை" என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஏற்காடு ஏரிக்கரையில் நான் வாங்கிய மிளகாய் பஜ்ஜி ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் பாஸ்போர்ட் நகலில் மடித்துத்தான் வந்தது. படம், பிறந்த தேதி, எண் எல்லாம் தெளிவாக இருந்தன. அடியில் நீல மையில் கையெழுத்து. மை எண்ணெயில் ஊறிப் பரவியிருந்தது. கையெழுத்துப் போட்ட நகல் என்றால் அலுவலகத்தில் கொடுத்த நகல். அழித்துவிட்டார்கள் என்றால் அது பஜ்ஜிக் கடைக்கு எப்படி வந்தது?

செவ்வாய்ப்பேட்டை ஜெராக்ஸ்:
அண்ணா, அப்பா காலத்திலிருந்து ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். நீல மை எதையும் நிரூபிக்காது. ஆட்கள் கடை மேசையிலேயே கையெழுத்துப் போடுவார்கள். ஒன்று கோணலாகிவிட்டால் விட்டுவிட்டு வேறு நகல் கேட்பார்கள். கலர் ஜெராக்ஸிலும் நீலம் நீலமாகத்தான் விழும்.

அஞ்சுரோட்டான்:
கலர் ஜெராக்ஸ் எண்ணெயில் ஊறாது தம்பி. பேனா மைதான் ஊறும். இதில் இன்னொன்றும் தெரிகிறது: கோணலான நகலை உங்கள் கடையிலேயே விட்டுப் போகிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் அவை எங்கே போகின்றன?

செவ்வாய்ப்பேட்டை ஜெராக்ஸ்:
என் கடைக் கழிவை நானே கிழித்துப் போடுகிறேன். ஒரு தாள் வெளியே போனதில்லை. தொழிலைப் பற்றிப் பேசும்போது பார்த்துப் பேசுங்கள். டோனர் என்கிற மைத்தூள் காகிதத்தில் ஒட்டுவதே சூட்டில்தான், கொதிக்கக் கொதிக்கப் பஜ்ஜியை வைத்தால் அதுவும் இளகும். உங்களுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்?

அஞ்சுரோட்டான்:
இளகுவது வேறு, ஊறிப் பரவுவது வேறு. நான் பார்த்தது நீல மை.

மலைக்காரி:
ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறேன். வெளிநாட்டவர் யார் வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் படிவத்தில் அரசுக்கு அனுப்ப வேண்டும், முன்பு அதைச் சி-படிவம் என்பார்கள். இப்போது எல்லாம் ஆன்லைன். ஆனாலும் போலீஸ் சோதனைக்கு வந்தால் காட்ட வேண்டும் என்று பாஸ்போர்ட், விசா நகல்களை எல்லா விடுதிகளும் கோப்பில் போட்டு வைத்திருக்கும். விடுதி கைமாறும்போது புது ஆள் பழைய கோப்புகளை எடைக்குப் போட்டுவிடுவார். இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். எடுத்ததும் அரசு அலுவலகத்தின் மேல் பழி போடுவது சரியில்லை.

அஞ்சுரோட்டான்:
விடுதி நகலில் எதற்கு அக்கா கையெழுத்து? வரவேற்பறையில் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்துத் திருப்பிக் கொடுப்பீர்கள், அவ்வளவுதானே. சுய சான்றொப்பம் கேட்பது அலுவலகம்.

மலைக்காரி:
நாங்களும் கையெழுத்து வாங்குகிறோம். இங்கே நிறைய பேர் வாங்குவார்கள்.

அஞ்சுரோட்டான்:
நீல மையிலா?

மலைக்காரி:
எந்தப் பேனா கையில் இருக்கிறதோ அதில். இது என்ன கேள்வி?

குகை வக்கீல்:
எந்த அலுவலகத்தைச் சொல்கிறீர்கள் என்று யாராவது தெளிவுபடுத்துங்கள். குடிவரவுத் துறை மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சென்னையில் இருப்பது அதன் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம். மாவட்டங்களில் எஸ்.பி.தான் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி. 2018-லேயே ஆன்லைன் வந்துவிட்டது, ஆவணத்தை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும், கூப்பிட்டால்தான் நேரில் போக வேண்டும். காகிதமே வாங்காத இடத்திலிருந்து காகிதம் எப்படி வெளியே வரும்? அப்புறம், மத்திய அரசின் பதிவேடுகளுக்கு 1993-ஆம் ஆண்டு பொதுப் பதிவேடுகள் சட்டம் இருக்கிறது. விதிப்படி இல்லாமல் அழித்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைத் தெரிந்த எந்த ஊழியரும் எடைக்குப் போட மாட்டார்.

அஞ்சுரோட்டான்:
வக்கீல் சார், சட்டம் இருக்கிறது என்பதற்காகக் குற்றம் நடக்காது என்றால் நீதிமன்றத்தில் உங்களுக்கு என்ன வேலை? ஸ்கேன் செய்து ஏற்றிய பிறகும் விசாரணைக்கு வீட்டுக்கு வருகிறவர் கையில் ஒரு செட் நகல் கேட்கிறார். இங்கே வாடகைக்கு இருக்கும் எந்த வெளிநாட்டுக்காரரையும் கேட்டுப் பாருங்கள். அந்தச் செட்டுக்கு ரசீது கிடையாது. அது எத்தனை வருடம் இருக்கும், யார் பூட்டி வைப்பார், யார் அழிப்பார், யாரும் சொல்வதில்லை. பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தால் ஒரு ஏமாற்றுக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நம் ஊரை நம்பி வந்து குடியிருக்கும் ஒரு பெண்மணியின் விவரம் அது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதினேன்.

குகை வக்கீல்:
வெட்கம் ஆதாரம் ஆகாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் தரவுக்கும், காகிதத்தில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக்கிய தரவுக்கும்தான். விடுதி மேசையில் வெறும் காகிதமாகக் கிடக்கும் நகல் அதில் வராது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது, அலுவலகத்தில் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டத்தில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும்கூட வெளிநாட்டவர் விவரத்தை அனுப்ப வேண்டும். நகல் வாங்கும் கைகள் கூடிக்கொண்டே போகின்றன.

அஞ்சுரோட்டான்:
நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள்.

குகை வக்கீல்:
இல்லவே இல்லை.

ஹாம்பர்க் சேலத்தான்:
வெளியூரிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் தகவல் தொகுப்பில் விவரங்களை அதிகபட்சம் 5 ஆண்டுதான் வைத்திருக்கலாம். அமெரிக்காவில் குடியேறியவரின் கோப்பு, அவர் பிறந்து 100 ஆண்டு ஆன பிறகு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறது. அழிப்பது எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. பிரிட்டன் உள்துறை 2010-இல் பழைய வருகை அட்டைகளை ஆயிரக்கணக்கில் அழித்தது. கரீபியத் தீவுகளிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் வந்தவர்கள் தாங்கள் எப்போது வந்தோம் என்று நிரூபிக்க வழியில்லாமல் தவித்தார்கள், 2018-இல் அது பெரிய விவகாரமாக வெடித்தது. எதை, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் முக்கியம்.

அஞ்சுரோட்டான்:
நல்ல தகவல் தம்பி. ஆனால் கேள்வி அது இல்லை. நீல மைக் கையெழுத்துப் போட்ட நகல் எப்படி வெளியே வந்தது?

செவ்வாய்ப்பேட்டை ஜெராக்ஸ்:
அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள். விவரங்களை மறைத்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் காட்டினால் போதும். பேனாவா கலர் ஜெராக்ஸா என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

அஞ்சுரோட்டான்:
அன்றைக்கே எரித்துவிட்டேன். இன்னொருவர் கையில் அது கிடைக்கக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை ஜெராக்ஸ்:
அப்படியா! ஆதாரத்தை எரித்துவிட்டு எங்களைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

அஞ்சுரோட்டான்:
ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டை இணையத்தில் போட்டு வாதத்தில் ஜெயிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அலுவலகம் செய்யாததை நான் செய்தேன்.

மலைக்காரி:
என்னை உறுத்துவது வேறு. ஏரிக்கரைக் கடைக்காரர்கள் பெயர் இதில் கெடுகிறது. அச்சடித்த தாளில் உணவு மடிக்கக் கூடாது என்று 2018 உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது, இங்கே பாதிப் பேர் தட்டுக்கு மாறிவிட்டார்கள். சேலத்தில் தட்டுவடை செட்டை எந்தத் தாளில் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். சனி ஞாயிறு மலைக்கு வந்து இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிளாஸ்டிக்கை வீசிவிட்டுப் போவது கீழேயிருந்து வரும் நீங்கள்தான்.

அஞ்சுரோட்டான்:
அக்கா, பிளாஸ்டிக் சண்டையைப் போன வருடமே போட்டு முடித்துவிட்டோம். அப்போதும் நீங்கள் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

மலைக்காரி:
முடியவில்லை. நீங்கள் பதில் சொல்லாமல் போனீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை ஜெராக்ஸ்:
தட்டுவடை செட்டை ஏன் இழுக்கிறீர்கள்? எங்கள் தெருவில் தட்டில்தான் தருகிறார்கள்.

ஹாம்பர்க் சேலத்தான்:
உருப்படியாக ஒன்று சொல்கிறேன். நகல் கொடுக்கும்போது படத்தின் மேல் படாமல், எழுத்துகளின் குறுக்கே "இன்ன அலுவலகத்துக்கு, இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எங்கிருந்து வெளியே போனது என்று பிறகு கண்டுபிடிக்கலாம். அவர் தாளில் அப்படி ஏதாவது எழுதியிருந்ததா?

அஞ்சுரோட்டான்:
எழுதியிருக்கவில்லை. வெறும் கையெழுத்துதான்.

குகை வக்கீல்:
அப்படியானால் அது அலுவலகத்தில் கொடுத்தது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. விவாதம் முடிந்தது.

அஞ்சுரோட்டான்:
முடியவில்லை சார். விடுதிக்குக் கொடுத்தது என்பதற்கோ, ஜெராக்ஸ் கடையில் விட்டது என்பதற்கோ மட்டும் அடையாளம் இருக்கிறதா? "அழித்துவிடுவார்கள்" என்று எழுதினவர்தான் நிரூபிக்க வேண்டும். எந்த விதியின் கீழ், எந்த வருடத்து நகல்களை, யார் முன்னிலையில் அழித்தார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் போகிறேன்.

குகை வக்கீல்:
போடுங்கள். பத்து ரூபாய்தான். எந்த அலுவலகத்துக்குப் போடுவீர்கள் என்று இப்போதாவது சொல்லுங்கள்.

அஞ்சுரோட்டான்:
எல்லாவற்றுக்கும் போடுவேன்.

செவ்வாய்ப்பேட்டை ஜெராக்ஸ்:
மனுவுக்கு நகல் எடுக்க என் கடைக்கு வராதீர்கள்.

அஞ்சுரோட்டான்:
வர மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்: கலர் ஜெராக்ஸ் நீலம் எண்ணெயில் ஊறிப் பரவி நீங்கள் ஒரு முறையாவது பார்த்திருக்கிறீர்களா?

செவ்வாய்ப்பேட்டை ஜெராக்ஸ்:
சூட்டில் இளகும் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

அஞ்சுரோட்டான்:
இளகுவதைக் கேட்கவில்லை தம்பி. ஊறுவதைக் கேட்டேன்.