மண் அரிக்கிற தட்டு செய்தன், வலை நடுவில தொய்ஞ்சு வண்டி வைக்குது, ஆராவது வழி சொல்லுங்கோ

சாம்பல்தீவுப் பெடியன்:
வணக்கம். எங்கட மாமா வளவில போன மாசம் பழைய கிணத்தைத் தூர் எடுத்தவை, வந்த மண் வேலியோரம் குவியலாக் கிடக்கு. மழைக்குப் பிறகு பாத்தா அதுக்குள்ள சட்டி ஓடுகளும் நீலக்கோடு போட்ட பீங்கான் துண்டொண்டும் எட்டிப் பாக்குது, அண்டையில இருந்து எனக்கு நித்திரையே இல்லை. பழைய கதவு நிலைப் பலகையில 3 அடிக்கு 2 அடி சட்டம் அடிச்சு, கோழிக்கூட்டு வலையை ரெண்டு மடிப்பா ஆணி அடிச்சு ஒரு அரிதட்டு செய்தன். ரெண்டு வாளி மண் கொட்டினவுடன வலை நடுவில வண்டி வைச்சிட்டு, ஒரு பக்கம் ஆணியும் கழண்டிட்டு. சின்னத் துண்டெல்லாம் கீழ போகுது, களிமண் கட்டி மட்டும் மேல நிக்குது. எங்க பிழை விட்டன்?

ஓடாவி மகன்:
தம்பி, பிழை வலையில. கோழிவலை ஆறுமூலைக் கண், பாரம் ஏற ஏற இழுபட்டுக்கொண்டே போகும், ரெண்டு மடிப்புப் போட்டா கண் ஒண்டுக்கு மேல ஒண்டு வராது, ஒண்டு பெருசு ஒண்டு சின்னன். ஹார்ட்வெயார் கடையில கால் இஞ்சி சதுரக்கண் வெல்ட் மெஷ் எண்டு கேளுங்கோ. சட்டமும் பெருசு, 10 லீட்டர் வாளி நிறைய ஈரமணல் 18, 20 கிலோ வரும், உங்கட தட்டில ரெண்டு வாளி! ஒண்டரை அடிக்கு ரெண்டடி போதும், அரை வாளிக்கு மேல கொட்டாதேங்கோ. வலையைச் சட்டத்துக்குக் கீழ வைச்சு முதல் ஒரு பக்கத்தை இறுக்கி, எதிர்ப் பக்கத்தைக் குறட்டால இழுத்துப் பிடிச்சு, அதுக்கு மேல ஒரு இஞ்சி றீப்பை (மெல்லிய மரச்சட்டம்) வைச்சு ஸ்க்ரூ ஏத்துங்கோ. ஆணி ஆட்ட ஆட்டக் கழரும், ஸ்க்ரூ கழராது. வலைக்கு அடியில குறுக்கால ரெண்டு றீப்பை குடுத்தா வண்டி வைக்காது. நாரி நோகாம இருக்க மாமரக் கொப்பில நாலு கயிறு போட்டுத் தொட்டில் மாதிரித் தூக்கிக் கட்டுங்கோ, முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டினாலே காணும்.

குச்சவெளி அக்கா:
களிமண் கட்டியைக் கையால தேய்க்காதேங்கோ ராசா, பழைய ஓடு ஈரத்தில பிஸ்கட் மாதிரி, விளிம்பு உடைஞ்சா போச்சு. ஒரு இரவு வாளித் தண்ணியில ஊறவிட்டு, அடுத்த நாள் தட்டைத் தண்ணிக்குள்ள பாதி தாழ்த்தி மெல்ல ஆட்டுங்கோ. அம்மா அரிக்கன்சட்டியில அரிசி அரிக்கிறதைப் பாத்திருப்பியள், அதே கைதான். இரத்தினபுரியில மாணிக்கம் அரிக்கிற ஆக்களும் கூடையை இப்பிடித்தான் தண்ணிக்குள்ள சுழட்டுறவை, பாரமானது அடியில தங்கும். கால் இஞ்சித் தட்டுக்குக் கீழ இன்னொரு தட்டு, அரைக்கால் இஞ்சிக் கண், வைச்சா மணியும் மீன் முள்ளும் தப்பாது.

சாம்பல்தீவுப் பெடியன்:
அக்கா, உயிர்ச்சுவடு, அதுதான் ஃபொசில், ஏதும் வருமோ? கடற்கரையிலயும் அரிச்சுப் பாக்க ஆசை.

குச்சவெளி அக்கா:
எங்கட திருகோணமலைப் பக்கம் அடியில கிடக்கிறது உருமாறின மிகப் பழைய பாறை, கோணேசர் மலையும் அப்பிடித்தான், அதுக்குள்ள தேடிப் பிரயோசனமில்லை. அந்த இரத்தினபுரி மாணிக்கக் குழியளுக்குள்ளதான் நீர்யானை, காண்டாமிருக எலும்பெல்லாம் வந்தது. கடற்கரையில சிப்பி, சோகி, முருகைக்கல் வரும். புல்மோட்டைப் பக்கம் எண்டா தட்டுக்குக் கீழ கறுப்பு மண் குவியும், புதையல் எண்டு துள்ளாதேங்கோ, அது இல்மனைட் எண்ட கனிமம். புறாத்தீவில மட்டும் ஒண்டும் பொறுக்க வேண்டாம், அது தேசிய பூங்கா.

பழைய ஆள்:
எல்லாரும் வலையைப் பற்றியே கதைக்கிறியள், நான் வேற ஒண்டு சொல்லுறன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டத்தின்படி, பழம்பொருள் தேடித் தோண்டுறதெண்டா சொந்தக் காணியிலயும் அனுமதிப் பத்திரம் வேணும். தூர் எடுத்த மண்ணில தற்செயலாக் கண்டது வேற கதை, ஆனா அதுக்காக இன்னும் ஆழமாத் தோண்டினா மாட்டுவியள். எங்கட ஊரில கிணறு எண்டா லேசில்லை, 1950இல கோணேசர் கோயில் பக்கம் கிணறு வெட்டேக்கதான் பழைய சிலையள் வெளிய வந்தது. எந்த இடம், என்ன ஆழம் எண்டு எழுதி, பக்கத்தில ஸ்கேல் வைச்சுப் படம் எடுத்து, ஜீ.எஸ். (கிராம சேவகர்) ஐயாவுக்குச் சொல்லுங்கோ. கழுவுறதையும் கொஞ்சம் நிப்பாட்டி வையுங்கோ. மற்றது, கறள் பிடிச்ச இரும்பு உருண்டையோ குழாயோ தட்டில விழுந்தா தொடவேண்டாம். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட ஊர் இது, பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். விட்டிட்டு விலகி பொலிசுக்கு, 119க்கு எடுங்கோ.

சாம்பல்தீவுப் பெடியன்:
ஐயோ, அது யோசிக்கவே இல்லை ஐயா. தோண்டேல்லை, குவியலோட நிப்பாட்டியாச்சு.

சாம்பல்தீவுப் பெடியன் (நாலு நாளுக்குப் பிறகு):
வெல்ட் மெஷ் போட்டு றீப்பை வைச்சு இறுக்கினன், இப்ப வண்டி இல்லை. ஜீ.எஸ். வந்து பாத்து, ஓடுகளையும் பீங்கானையும் பெட்டியில போட்டு வைக்கச் சொன்னவர், மேல அறிவிக்கிறாராம். அதுவரைக்கும் கிணத்து மண்ணைத் தொடேல்லை, கடற்கரை மண்ணில தட்டைச் சோதிச்சன். பச்சை மணி ஒண்டு வந்திது, கை நடுங்கிட்டு, கழுவிப் பாத்தா தங்கச்சியின்ர அறுந்த மாலையில இருந்தது. இப்ப ஒரு பிரச்சினைதான், ரெண்டு நாளிலேயே வலை மூலையில கறள்.

ஓடாவி மகன்:
உப்புத் தண்ணியில அரிச்சிட்டு அப்பிடியே வைச்சிருப்பியள். நல்ல தண்ணியில அலசி, வெயிலில நிமித்திச் சாத்தி வைச்சுக் காஞ்ச பிறகு வலையில தேங்காயெண்ணெய் தடவுங்கோ. அடுத்த முறை காசிருந்தா ஸ்டெயின்லெஸ்.