"தேங்காய் வெட்டு" என்றால் கத்தி எங்கே படுகிறது?

தோப்புக்காரன்:
நேற்று அகரம்77 எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சொல்லுக்கு நேர்ப்பொருள் தனியாக நிற்கும், சூழல் அப்புறம் வந்து ஒட்டிக்கொள்வது, ஜான் சேர்ல் என்ற தத்துவவாதி வீணாகக் குழப்பிவிட்டார்" என்கிறார். சேர்ல் 1980இல் சொன்ன உதாரணம் தெரியுமா இவருக்கு? புல்லை வெட்டு என்றால் ஒருவன் கத்தியால் அதைக் குத்துகிறான், கேக்கை வெட்டு என்றால் புல்வெட்டும் இயந்திரத்தை அதன் மேல் ஓட்டுகிறான். இரண்டு பேருமே சொன்னதைச் செய்யவில்லை. இத்தனைக்கும் சொல் ஒன்றுதான், அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது, எப்படி வெட்டுவது என்பது சூழலை வைத்துத்தான் தெரியும் என்பதுதான் அவர் வாதம். எங்கள் தோப்பில் 45 நாளைக்கு ஒரு முறை தேங்காய் வெட்டு. நீள மூங்கில் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே குலைக்காம்பில் மாட்டி ஒரு இழுப்பு, குலை தொப்பென்று விழும். தேங்காய் மேல் கத்தியே படாது! தனியாக நிற்கும் பொருள் இதில் எங்கே நிற்கிறது?

அகரம்77:
நன்றாகவே தெரியும். இயந்திரம் ஏறின கேக் வெட்டுப்பட்டதா இல்லையா? பட்டது. சொன்னவர் நினைத்த மாதிரி இல்லை, அவ்வளவுதான். நினைப்பு வேறு, வாக்கியத்தின் பொருள் வேறு. 'நான்', 'இங்கே', 'இன்று' மாதிரி சில சொற்களைத் தவிர மற்றவற்றுக்குச் சூழல் தொடாத பொருள் உண்டு என்று கப்பெலன், லெப்போர் என்ற இரண்டு தத்துவவாதிகள் 2005இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள். மற்றபடி, காம்பு தேங்காயின் பகுதி. காம்பில் பட்டால் தேங்காயில் பட்ட மாதிரிதான்.

தோப்புக்காரன்:
காம்பு தேங்காயா? அந்தக் காம்பை மண்டிக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வாருங்கள், பேசலாம்.

செம்மொழிவேலன்:
சொல்வது வேறு, குறிப்பால் உணர்த்துவது வேறு என்று கிரைஸ் என்ற தத்துவவாதி 1967இல் ஹார்வர்டில் பேசினார் என்று ஆளாளுக்குக் கைதட்டுகிறீர்கள். "தெரிபுவேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும் இருபாற் றென்ப பொருண்மை நிலையே" என்று தொல்காப்பியர் பெயரியலில் எப்போதோ சொல்லிவிட்டார். வெளிப்படை ஒன்று, குறிப்பு ஒன்று. நம் வீட்டுச் சொத்தை விட்டுவிட்டு வெளியில் எதற்குக் கையேந்த வேண்டும்?

தோப்புக்காரன்:
ஐயா, போன மாதமும் இதே நூற்பாவோடுதான் வந்தீர்கள். நான் கேட்பது குறிப்பைப் பற்றி இல்லை. "நாளைக்குத் தேங்காய் வெட்டு" என்று ஆளிடம் சொல்வதில் ஒளித்துவைத்த குறிப்பு எதுவும் இல்லை, நேராகச் சொன்னதுதான். அந்த நேர்ப்பொருளே தோப்பு இல்லாமல் நிற்காது என்கிறேன். உங்கள் நூற்பா இதற்கு எப்படிப் பதில் ஆகும்?

மல்லிகை:
ஒரு சந்தேகம். நேர்ப்பொருள் என்று எதைச் சொல்கிறீர்கள்? அகராதியில் இருப்பதையா, வாக்கியம் எப்போது உண்மை ஆகும் என்பதையா? ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் தேங்காயை உடைப்போம், கீறுவோம், துருவுவோம். யாரும் வெட்டுவதில்லை.

அகரம்77:
மல்லிகை சொன்னதைப் பாருங்கள். வீட்டில் வெட்டு என்ற சொல்லே வரவில்லை. அப்படியானால் "தேங்காய் வெட்டு" தோப்புக்காரர்களின் தொழில் வழக்கு, தனிச்சொல். அதை வைத்துக்கொண்டு மொழிக்கே சட்டம் போடாதீர்கள்.

தோப்புக்காரன்:
இப்போது தனிச்சொல் ஆகிவிட்டதா? ஒரு மணி நேரம் முன்னால் காம்பு தேங்காய், கத்தி பட்டது என்றீர்களே! பட்டதென்றால் அது சாதாரண வெட்டு, தனிச்சொல் எதற்கு? தனிச்சொல் என்றால் காம்புக் கதை எதற்கு? கிணறு வெட்டுகிறோமே, அதுவும் தனிச்சொல்லா? அங்கே எந்தக் காம்பு? முடி வெட்டுகிறோம், அதுவும் தனிச்சொல்லா? இப்படியே போனால் வெட்டு வெட்டாகத் தனிச்சொல் போடவேண்டியதுதான். சேர்ல் பயந்ததும் இதற்குத்தான், உதாரணத்துக்கு ஒரு அர்த்தம் என்று பெருகிக்கொண்டே போகும்.

அகரம்77:
கிணற்றை ஏன் இழுக்கிறீர்கள்? தேங்காயைப் பேசுங்கள். தோப்பு வைத்திருப்பவருக்குத்தான் பொருள் தெரியும் என்ற உங்கள் தோரணை போன வருடத்திலிருந்தே இருக்கிறது.

தோப்புக்காரன்:
தோரணை இல்லை, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவன் சொல்கிறேன். கத்தி தேங்காயில் படவில்லை.

அகரம்77:
காம்பில் பட்டது.

செம்மொழிவேலன்:
என் நூற்பாவுக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.